இலவசப் பயணக் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து படிப்பது

மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை எங்களுக்கு வரும் கடிதம் முதலில் ஆபீசுக்குத்தான் போகும். கிராணி, அதாவது தோட்டக் குமாஸ்தா, அவற்றைப் பிரித்து அடுக்கி வைத்து, பெரட்டு என்ற காலைப் பெயர் அழைப்பு முடிந்த பிறகோ சம்பள நாளிலோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். வெறும் விளம்பரம் என்று தெரிந்தால் அதையும் அவரே சொல்லிவிடுவார். தோட்டங்களை விட்டு வெளியேறி, சுங்கை சிப்புட் நகரைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியேறிய பிறகு, ஒவ்வொரு வீட்டின் கேட்டிலும் ஒரு தகரப் பெட்டி தொங்கியது. அதில் விழுவதை நம்பலாமா, குப்பையில் போடலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பு அந்தந்த வீட்டாரின் தலையில் வந்து சேர்ந்தது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் கடிதங்களை அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவந்து விளக்கம் கேட்பது வழக்கமாகிவிட்டது. சேமநிதி அறிக்கைக்கும் போக்குவரத்துச் சம்மனுக்கும் நடுவே, லங்காவியிலோ பங்கோர் தீவிலோ 3 பகல் 2 இரவு முற்றிலும் இலவசம் என்று பளபளப்பான தாளில் அச்சிட்ட கடிதங்களும் அவர்கள் கையில் இருக்கும். அவற்றைப் படித்துப் படித்து, முன்பக்கத்தைத் தொடாமலேயே திருப்பி வைத்துக்கொண்டு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

உறையைப் பிரிப்பதற்கு முன்பே சில விஷயங்கள் தெரிந்துவிடும். அஞ்சல்தலை ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், கட்டணம் மொத்தமாகச் செலுத்தப்பட்டதைக் காட்டும் கட்டம் அச்சிடப்பட்டிருந்தால், ஒரே கடிதம் பெரும் எண்ணிக்கையில் அனுப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். வங்கிகளும் இப்படித்தான் அனுப்புகின்றன என்பதால் அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. ஆனால், அப்படிப்பட்ட உறைக்குள் இருந்துகொண்டு 'தங்களை மட்டுமே தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று சொல்லும் கடிதம் முதல் வரியிலேயே பொய் சொல்கிறது. ஒருமுறை, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், தமக்குக் கிடைத்த கடிதத்தை மடிப்புக் கலையாமல் எடுத்து வந்தார். "டீச்சர், இந்த வட்டாரத்திலேயே எனக்கு மட்டும்தான் விழுந்திருக்காம்" என்றார். அதில் சிவப்பு மையில் ஓர் அதிர்ஷ்ட எண் இருந்தது. எதிர் வீட்டு அக்காளுக்கு அதே வாரம் வந்திருந்த கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பெயர்தான் வேறாக இருந்தது. அதிர்ஷ்ட எண் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்ப்பதைப் போல மலிவான சோதனை வேறு இல்லை என்றாலும், அதிர்ஷ்டம் வந்ததை வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் அதைத்தான் செய்யத் தயங்குகிறார்கள்.

பின்பக்கத்தில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். எங்கள் பக்கம் வந்த கடிதங்களில் அவை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. கணவனும் மனைவியும் இருவருமே வர வேண்டும். வயது 30க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். அடையாள அட்டையையும் கடன் அட்டையையும் கொண்டுவர வேண்டும். 90 நிமிட விளக்கக் கூட்டத்தில் முழுமையாகக் கலந்துகொள்ள வேண்டும். பயணப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) அதன் பிறகே வழங்கப்படும். பரிசு கொடுப்பவருக்கு என் கடன் அட்டை எதற்கு என்ற கேள்வி ஒன்றே போதுமானது. தம்பதியாக வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தனியாக வருகிறவர் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்துவிடலாம். இருவரும் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

அதற்குக் கீழே வருபவைதான் பயணத்தையே இல்லாமல் ஆக்கிவிடும் நிபந்தனைகள். பள்ளி விடுமுறை, பொது விடுமுறை, வார இறுதி ஆகிய நாள்களில் செல்லாது. விரும்பும் தேதிகள் மூன்றை 45 நாளுக்கு முன்பே எழுதி அனுப்ப வேண்டும். அவற்றில் எதையும் ஏற்காமல் இருக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டு 6 மாதத்தில் காலாவதியாகும். பெர்ரி, பேருந்து, விமானக் கட்டணமும் உணவும் சேராது. விடுதியை முன்னறிவிப்பின்றி மாற்றலாம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கொடுக்கப்படுவது வாரநாளில் எப்படியும் காலியாகக் கிடக்கும் ஓர் அறை மட்டுமே என்பது புலப்படும். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் பாட்டி தாத்தாவோ, மாற்று வேலை நேரத்தில் ஆலைக்குப் போகும் மகனோ செவ்வாய்க்கிழமை லங்காவிக்குப் போக முடியாது. பற்றுச்சீட்டு மேசை இழுப்பறையில் கிடந்து காலாவதியாகும். அனுப்பியவருக்கு அச்சுக்கூலியைத் தவிர செலவில்லை.

இப்படிப்பட்ட விளக்கக் கூட்டம் ஒன்றுக்கு, ஈப்போவில் உள்ள விடுதி ஒன்றுக்கு, எங்கள் தெருவில் உள்ள ஒரு தம்பதிக்குத் துணையாகப் போனேன். கணவர் அப்போதுதான் 55 வயதாகிச் சேமநிதிப் பணத்தை எடுத்திருந்தார். போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். எனக்குத் தகுதியில்லை என்று சொல்லிக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்து மண்டபம் முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு வட்ட மேசை, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விற்பனையாளர், பக்கத்து மேசையில் பேசுவது கேட்காத அளவுக்கு உரத்த இசை. சுவரில் கடிகாரம் இல்லை. யாராவது கையெழுத்திட்டதும் ஒருவர் ஒலிபெருக்கியில் அவர்களுடைய பெயரைச் சொல்லி வாழ்த்துவார். ஊழியர்கள் எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். முதலில் எழுந்து நின்ற தம்பதி உண்மையிலேயே வாடிக்கையாளர்கள்தானா என்று எனக்கு அன்று சந்தேகம் வந்தது. இன்றும் அது தீரவில்லை.

எங்கள் தம்பதியின் மேசைக்கு வந்த இளைஞர் நல்ல தமிழ் பேசினார். எந்தத் தோட்டம், எந்தக் கோயில் திருவிழா, பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அரைமணி நேரம் உறவு கொண்டாடிவிட்டு, "எங்கப்பாவும் தோட்டத்துல கஷ்டப்பட்டவர்தான்மா, ஒரு நாள்கூட கடலைப் பார்த்ததில்ல" என்றார். அதற்குப் பிறகுதான் டைம்ஷேர் என்ற விடுமுறை உறுப்பியத் திட்டத்தின், அதாவது பணம் கட்டி உறுப்பினராகி ஆண்டுதோறும் சில நாள் விடுதியில் தங்கும் திட்டத்தின், விலையை ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதினார்: 38,000 வெள்ளி (ரிங்கிட்). அதைக் கோடு போட்டு அடித்து 24,000 என்று எழுதினார். அவர்கள் தலையசைக்காததைக் கண்டு, மேலாளர் என்று ஒருவர் வந்து அதையும் அடித்துவிட்டு 14,900 என்றும், இன்று மண்டபத்தை விட்டு வெளியேறும் வரைதான் இந்த விலை என்றும் சொன்னார். 90 நிமிடம் என்று சொன்ன கூட்டம் அப்போது நான்காவது மணிநேரத்தில் இருந்தது.

கணவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அந்த அக்காள் நிதானமாக, "தம்பி, இந்தத் தாளைக் கொடுங்க, மகன்கிட்ட காட்டிட்டு நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுறோம்" என்றார். இளைஞர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒப்பந்தப் படிவத்தின் நகலைக் கேட்டபோதும், அது நிறுவனத்தின் உள் ஆவணம் என்று மறுத்துவிட்டார்கள். நாளை வரை நிற்காத விலையும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத ஒப்பந்தமும் ஒரே மேசையில் இருந்தால், மேற்கொண்டு ஆராய எதுவும் இல்லை. எழுந்து வந்துவிட வேண்டும். நாங்கள் எழுந்து வந்தோம். இலவசப் பற்றுச்சீட்டைக் கொடுத்தார்கள். அதை உறுதிப்படுத்த 200 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தது.

டைம்ஷேர் என்றாலே சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. மலேசியாவில் அது 2016ஆம் ஆண்டின் பங்குரிமைத் திட்டங்கள் (இன்ட்ரஸ்ட் ஸ்கீம்ஸ்) சட்டத்தின் கீழ், மலேசிய நிறுவனங்கள் ஆணையத்திடம் பதிவுபெற்று நடத்தப்பட வேண்டிய திட்டம். அங்கே விசாரித்தால் பதிவு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆனால், பதிவுபெற்றதாக இருந்தாலும், மேசையில் பேசப்படாத ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு 450 வெள்ளி என்றால், 25 ஆண்டுக்கு அதுவே 11,250 வெள்ளி; அந்தக் கட்டணம் கூடாது என்ற உத்தரவாதமும் பெரும்பாலும் இருக்காது. ஓய்வு பெற்றவர்கள் இதில் பணம் போடக் கூடாது என்பது என் கருத்து. தங்க வேண்டிய நாளில் அறைக்குக் காசு கொடுத்துத் தங்குவது அவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

இன்னொரு வகைக் கடிதத்தில் கூட்டம் எதுவும் இருக்காது. பயணம் இலவசம், வரிகளையும் செயலாக்கக் கட்டணத்தையும் மட்டும் முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று எழுதியிருக்கும். அரசாங்கத்தின் பெயர் வந்துவிட்டால் நம்மவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதால்தான் வரி என்ற பெயரைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு உண்மையான கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். 2017 செப்டம்பர் முதல் விடுதிகளில் வசூலிக்கப்படும் சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு உரியது. மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதைச் செலுத்த வேண்டியதில்லை. சில ஊர்களில் உள்ளூர்க் கட்டணமாகச் சில வெள்ளி வாங்குவார்கள். அதையும் விடுதி முகப்பில்தான் வாங்குவார்கள். விமானத்தில் வெளிநாடு செல்வோருக்கு 2019 செப்டம்பரில் அறிமுகமான புறப்பாட்டு வரி, சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 வெள்ளி, மற்ற நாடுகளுக்கு 20 வெள்ளி. விமான நிறுவனம் அதைப் பயணச்சீட்டின் விலையோடு சேர்த்தே வாங்கிவிடுகிறது. ஆகவே, சுற்றுலா வரிக்காக 180 வெள்ளியை யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லும் கடிதம், அரசாங்கம் கேட்காத வரியைக் கேட்கிறது.

எங்கள் ஊரில் அதிகம் பேரைத் தடுமாற வைத்தது தமிழில் வந்த கடிதம்தான். திருப்பதி வெங்கடாசலபதியின் படத்தோடு, மூத்த குடிமக்களுக்கு இலவச யாத்திரை என்று தலைப்பிட்டு, விமானச்சீட்டும் தங்குமிடமும் இலவசம், விசா மற்றும் தரிசன ஏற்பாட்டுக்கு மட்டும் தலைக்கு 680 வெள்ளி என்று எழுதியிருந்தது. கோயிலில் புதன்கிழமை பஜனைக்கு வரும் பெண்களில் பலர் அதைக் கைப்பையில் வைத்திருந்தார்கள். சாமி பெயரைச் சொல்லி வந்த கடிதத்தைச் சந்தேகப்பட்டால் பாவம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நான் சாமியைச் சந்தேகப்படவில்லை, கடிதம் அனுப்பியவரைத்தான் கேட்கிறேன் என்று சொல்லி, கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். திருமலையில் சர்வ தரிசனத்துக்குக் கட்டணமே கிடையாது. சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டு 300 இந்திய ரூபாய். நம் பணத்தில் 20 வெள்ளிகூட ஆகாது. இந்தியாவுக்கான மின்விசாவை இந்திய அரசின் இணையத்தளத்தில் நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அப்படியிருக்க 680 வெள்ளி எதற்கு என்று கடிதத்தில் இருந்த கைப்பேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்டபோது, முதலில் இடம் குறைவு என்றார்கள், பிறகு நாளைக்குள் கட்டினால் 500 போதும் என்றார்கள். விசாக் கட்டணம் பேரம் பேசிக் குறைகிற பொருளாக இருக்க முடியாது என்று அந்தப் பெண்களே பேசிக்கொண்டார்கள். கடிதத்தின் அடியில் முகவரி இல்லை. உரிம எண்ணும் இல்லை.

உரிம எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயணங்களை ஏற்பாடு செய்து விற்பவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். முறையான பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் கேபிகே/எல்என் என்று தொடங்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்; எண் இருப்பதோடு நின்றுவிடாமல், அந்த எண்ணுக்குரிய பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். சில கடிதங்கள் நிறுவனப் பதிவு எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும். 2019 அக்டோபரிலிருந்து அது 12 இலக்கங்களைக் கொண்டது. பார்ப்பதற்குக் கனமாகத் தெரியும். நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, பயணம் விற்க உரிமம் பெற்றிருப்பது வேறொன்று. மளிகைக்கடைக்கும் அந்த 12 இலக்க எண் கிடைக்கும்.

சுரண்டிப் பார்க்கும் பரிசு அட்டைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. பயண நிறுவனம் ஒன்றின் ஆண்டு விழா என்று சொல்லும் வண்ணக் கையேடும் இரண்டு அட்டைகளும் உறைக்குள் இருக்கும். ஒன்றில் ஒன்றும் இருக்காது, இன்னொன்றில் இரண்டாம் பரிசாகப் பெருந்தொகை அமெரிக்க டாலர் விழுந்திருக்கும். முதல் அட்டை ஏமாற்றம் தருவதால்தான் இரண்டாவதை மனம் நம்புகிறது. இதே உத்தியில், மலேசிய அஞ்சல் முத்திரையோடு போன உறைகளைப் பற்றி ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் அதிகாரிகள் தம் மக்களை எச்சரித்திருக்கிறார்கள். நம் ஊர் முத்திரைக்கு அப்படியொரு பெயர் கிடைத்தது வருத்தத்துக்குரியது. பரிசுப் பணத்தைப் பெற வரி கட்ட வேண்டும் என்பார்கள். குலுக்கலில் தனிநபருக்கு விழும் பரிசுக்கு மலேசியாவில் வருமான வரி இல்லை. கொடுக்கப்படும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்தால், அவற்றின் மீது முன்பே புகார் உண்டா என்பது தெரியும். அங்கே எதுவும் வராவிட்டாலும் பணம் அனுப்பலாம் என்று பொருளாகாது. கணக்கு புதியதாக இருக்கலாம்.

நம் பெயரும் முகவரியும் இவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்று பலரும் கேட்கிறார்கள். பேரங்காடியில் நிறுத்தி வைத்திருக்கும் காரைப் பரிசாகப் பெற, பெட்டிக்குள் போட்ட கூப்பன்தான் பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கூப்பனில் வயது, திருமண நிலை, மாத வருமானம் ஆகியவற்றைக் கேட்டிருப்பார்கள். கடிதத்தின் நிபந்தனைகளும் அவையே. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடி விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எழுதிக் கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. முகவரியுள்ள நிறுவனங்களிடம் அது பலிக்கிறது.

பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடுவதால் நேரம் போய்விடுகிறது. வங்கி வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், முதலில் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த மையம் வங்கிகளோடும் போலீசோடும் சேர்ந்து, பணம் கைமாறுவதற்குள் அதைத் தடுக்க முயல்கிறது. போலீஸ் புகாரையும் செய்துவிட வேண்டும். வீடு தேடி வந்து விற்றவரிடம் கையெழுத்திட்டிருந்தால், 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் ஒப்பந்தத்திலிருந்து விலக 10 வேலை நாள் தருகிறது. விடுதி மண்டபத்தில் கையெழுத்திட்டவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விலகும் காலம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று அன்றிரவே பார்க்க வேண்டும். விலகலை வாய்ச்சொல்லாகத் தெரிவிக்காமல், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வது நல்லது.

அனுப்பியவர் மலேசியாவில் முகவரியுள்ள வணிகராக இருந்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தத் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசையோ இலவசப் பொருளையோ தருவதாகச் சொல்வதைத் தடை செய்கிறது. எங்கள் தாமானில் ஒரு குடும்பம், பற்றுச்சீட்டை உறுதிப்படுத்த 600 வெள்ளி கட்டிவிட்டு, கேட்ட தேதி எதுவும் கிடைக்காமல் ஓராண்டு அலைந்தது. நான் அவர்களோடு ஈப்போவுக்குப் போய் முதலாம் படிவத்தை நிரப்பினேன். நிறுவனத்தின் சரியான பெயரும் பதிவு எண்ணும் எங்களுக்கு ரசீதில்தான் கிடைத்தன. கடிதத்தில் இருந்தது வேறு ஏதோ வியாபாரப் பெயர். விசாரணைத் தேதி குறித்த அறிவிப்பு அந்த நிறுவனத்துக்குப் போன சில நாளில், பணத்தைத் திருப்பித் தருவதாக அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். பணம் கணக்கில் வந்து சேரும்வரை கோரிக்கையை மீட்டுக்கொள்ள வேண்டாம் என்று அந்தக் குடும்பத்திடம் சொன்னேன். வந்த பிறகே மீட்டுக்கொண்டார்கள். விசாரணை நடந்து தீர்ப்பு வந்திருந்தால், 14 நாளுக்குள் அதை நிறைவேற்றத் தவறுவதே குற்றமாகிவிடும் என்பது அந்த நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.